திரையில் வந்த பிழையை மறுபடி ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கிராஃபிக்ஸ் நிரலில் வரும் பிழைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எங்கே பிறந்தோம் என்று அவை சொல்லவே சொல்லாது. மற்ற நிரல்கள் தவறினால் ஒரு பிழைச்செய்தியாவது வரும், வரி எண்ணாவது கிடைக்கும். இங்கே நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் மட்டும் ஒரு பொருள் காணாமல் போயிருக்கும், அல்லது திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்திப் பார்த்தால் எல்லா மாறிகளிலும் சரியான மதிப்புதான் இருக்கும். காரணம், வரைதல் அந்த வரியில் நடப்பதில்லை. "இந்த முக்கோணங்களை வரை" என்று நிரல் சொன்னதும், கிராஃபிக்ஸ் வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை வரிசையில் போட்டுக்கொள்கிறது. வரைவதற்கென்றே உள்ள சில்லான ஜிபியு தன் போக்கில் பிறகு அதைச் செய்து முடிக்கிறது.

திரைக்கு வரும் ஒவ்வொரு முழுப் படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஆயிரக்கணக்கான அழைப்புகள் போய்விடலாம்: இந்த டெக்ஸ்ச்சரை (பரப்பின்மேல் ஒட்டும் படம்) எடு, இந்த ஷேடரை (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) பயன்படுத்து, ஆழச் சோதனையை (எது முன்னால், எது பின்னால் என்று பார்ப்பது) இயக்கு, வரை, அடுத்ததை வரை. கண்ணில் படும் ஒரு பிக்சலின் நிறம் இவை எல்லாவற்றின் விளைவு. ஆகவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது. சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்த பலகையின் படம் ஒன்று. முதல் நகர்த்தலிலிருந்து எழுதிவைத்த ஆட்டக் குறிப்பு வேறொன்று. குறிப்பு கையில் இருந்தால் எந்த நகர்த்தலில் வேண்டுமானாலும் நிறுத்திப் பலகையைப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் அழைப்புகளைப் பதிவுசெய்து மறுபடி ஓட்டும் கருவிகள் தருவது அந்தக் குறிப்பைத்தான்.

இது சாத்தியமாவதற்குக் காரணம், நடுவில் ஒரு தெளிவான எல்லை இருப்பது. ஒரு பக்கம் செயலி, அதாவது நாம் ஓட்டும் நிரல்; மறுபக்கம் டிரைவரும் ஜிபியுவும். நடுவில் நிற்பது ஓப்பன்ஜிஎல், டைரக்ட்3டி, வல்கன், மெட்டல் போன்ற ஏதோ ஓர் ஏபிஐ, அதாவது செயலி டிரைவரிடம் பேசுவதற்கான அழைப்புகளின் தொகுப்பு. செயலி எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், திரையில் எதையாவது வரைய வேண்டுமென்றால் இந்த எல்லையைக் கடந்தே ஆகவேண்டும். அங்கே நின்றுகொண்டு கடக்கும் ஒவ்வோர் அழைப்பையும், அதனுடன் போகும் தரவையும், வரிசை மாறாமல் ஒரு கோப்பில் எழுதிவிட்டால் போதும். அந்தக் கோப்பை டிரேஸ் என்கிறார்கள். பிறகு செயலியே தேவையில்லை. டிரேஸைப் படித்து அதே அழைப்புகளை அதே வரிசையில் டிரைவரிடம் சொல்லும் சின்ன நிரல் ஒன்று இருந்தால் அதே படம் திரும்ப வரும். பெரும்பாலும் பிழையும் கூடவே வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இடையில் புகுவது

செயலியின் மூலநிரலைத் தொடாமலே இதைச் செய்ய முடியும். செயலி ஓப்பன்ஜிஎல் நூலகத்தைத் தேடும்போது, அதே பெயரில் அதே செயற்கூறுகளைக் கொண்ட வேறொரு நூலகத்தை முன்னால் நிறுத்திவிடுவார்கள். லினக்ஸில் எல்டி_பிரீலோடு என்ற சூழல் மாறி இதற்கு உதவுகிறது. விண்டோஸில் அதே பெயருள்ள டிஎல்எல் கோப்பைச் செயலி இருக்கும் கோப்புறையில் வைத்தால் பல சமயம் அதுவே முதலில் ஏற்றப்படும். இந்த மாற்று நூலகம் அழைப்பைக் குறித்துக்கொண்டு, உண்மையான டிரைவருக்கு அனுப்பி, வரும் பதிலையும் குறித்துக்கொண்டு செயலியிடம் கொடுக்கும். செயலிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, கொஞ்சம் மெதுவாக ஓடுவதைத் தவிர.

2016 பிப்ரவரியில் வெளியான வல்கனில் இந்தக் குறுக்குவழிகளுக்கு அவசியமே இல்லை. செயலிக்கும் டிரைவருக்கும் நடுவில் லேயர்கள் எனப்படும் இடையடுக்கு நூலகங்களைச் செருக அதன் வடிவமைப்பிலேயே இடம் உண்டு. பதிவுசெய்யும் கருவியும் ஒரு லேயர், அழைப்புகள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைக் கருவியும் ஒரு லேயர்.

கேட்பதற்கு, ஒவ்வோர் அழைப்பையும் கோப்பில் எழுதும் சாதாரண வேலை போலத் தோன்றும். எண்களை மட்டும் அனுப்பும் அழைப்புகளுக்கு அப்படித்தான். நினைவக முகவரியை அனுப்பும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. முகவரியை மட்டும் எழுதிவைத்து ஒரு பயனும் இல்லை. மறுஓட்டத்தின்போது அந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்கும். அந்த முகவரியில் உள்ள தரவையே நகலெடுக்க வேண்டும். எத்தனை பைட்?

பழைய பாணி ஓப்பன்ஜிஎல் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது. "முக்கோண முனைகளின் ஆயத்தொலைவுகள் இந்த முகவரியில் இருக்கின்றன" என்று ஓர் அழைப்பு வரும். எத்தனை முனைகள் என்று அதில் இருக்காது. பிறகு வரையும் அழைப்பு வரும்போது எந்தெந்த முனை என்று சொல்லும் ஆறு குறியீட்டெண்கள், 0, 1, 2, 2, 1, 3 என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்தப் பட்டியல் முழுவதையும் படித்து, மிகப்பெரிய எண் 3 என்று கண்டுபிடித்து, ஆகவே நான்கு முனைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மிதவைப்புள்ளி எண்கள், 12 பைட், மொத்தம் 48 பைட் என்று கணக்குப் போட்டு அப்போதுதான் நகலெடுக்கும். ஒவ்வொரு முறை வரையும்போதும் இந்த வேலை நடக்க வேண்டும்.

புதிய ஏபிஐகளில் தொல்லை வேறு வடிவில் வருகிறது. ஜிபியு படிக்கும் நினைவகத்தின் ஒரு பகுதியைச் செயலியிடமே நிரந்தரமாகத் திறந்துவிடலாம். அதன்பிறகு செயலி அங்கே எழுதுவது வெறும் நினைவக எழுத்து. எந்த அழைப்பும் எல்லையைக் கடப்பதில்லை. கடக்காததை எப்படிக் குறித்துக்கொள்வது? ஒரு வழி, அந்த நினைவகப் பக்கங்களுக்கு எழுத்துத் தடை போட்டுவிட்டு, செயலி எழுத முயலும்போது இயங்குதளம் எழுப்பும் விதிமீறல் சமிக்ஞையைப் பிடித்து, "இந்தப் பக்கம் மாறிவிட்டது" என்று குறித்துக்கொண்டு தடையை நீக்குவது. இன்னொன்று, பழைய நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டுமே செலவுள்ள வழிகள். பதிவுசெய்யும்போது செயலி ஏன் தவழ்கிறது என்று யாராவது கேட்டால் பதிலில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

மறுஓட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஓடியபோது டிரைவர் ஒரு டெக்ஸ்ச்சருக்கு 5 என்று எண் கொடுத்திருக்கும். வேறு கணினியில் அதே டெக்ஸ்ச்சருக்கு 7 கிடைக்கலாம். அதனால் ஓட்டும் நிரல் "பழைய 5 என்றால் இப்போது 7" என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வோர் அழைப்பிலும் எண்ணை மாற்றிச் சொல்ல வேண்டும். ஷேடரில் உள்ள மாறிகளின் இட எண்களுக்கும் இதே கதைதான்.

ஒரு பிழையைத் துரத்திப் பார்ப்போம்

ஓப்பன்ஜிஎல்லில் எழுதிய ஒரு காட்சி. ஓர் அறை, மேசை, பூச்சாடி, கண்ணாடி ஜன்னல். செயலி தொடங்கியதும் படம் அருமையாக இருக்கிறது. கேமராவைப் பின்னால் நகர்த்தினால் பொருள்களில் ஓட்டை விழுகிறது. மேசையின் ஒரு பாதி, சாடியின் விளிம்பு எனத் துண்டு துண்டாக மறைந்து பின்னணி நிறம் தெரிகிறது. ஓப்பன்ஜிஎல்லிடம் பிழை உண்டா என்று கேட்டால் இல்லை என்கிறது. அது பொய் சொல்லவில்லை. எல்லா அழைப்புகளும் விதிப்படி சரியானவைதான்.

டிரேஸை எடுத்து, மறைதல் தொடங்கும் ஃபிரேமுக்குப் போகிறோம். முதல் பொருளை வரைவதற்கு முந்தைய அழைப்பில் நிறுத்தி டெப்த் பஃபரைத் திறந்து பார்க்கிறோம். ஒவ்வொரு பிக்சலிலும் இதுவரை வரைந்ததில் மிக அருகில் உள்ள பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்திருக்கும் பஃபர் அது. ஃபிரேம் தொடங்கும்போது அது துடைக்கப்பட்டு, எல்லா இடத்திலும் மிகத் தொலைவான மதிப்பு, அதாவது 1.0, இருக்க வேண்டும். ஆனால் முந்தைய ஃபிரேமின் மேசையும் சாடியும் அதில் அப்படியே பதிந்திருக்கின்றன. புதிய ஃபிரேமில் கேமரா தள்ளிப் போய்விட்டதால் மேசை முன்பைவிடத் தொலைவில் இருக்கிறது. "இதைவிட அருகில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று ஆழச் சோதனை அதை நிராகரிக்கிறது. ஓட்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

துடைக்கும் அழைப்பு இல்லையா? இருக்கிறது, பட்டியலிலேயே தெரிகிறது. அந்த அழைப்பின்போது இருந்த நிலையைத் திறந்தால் விடை கிடைக்கிறது: டெப்த் பஃபரில் எழுதும் அனுமதி அணைக்கப்பட்டிருக்கிறது. ஓப்பன்ஜிஎல்லில் துடைப்பதும் ஓர் எழுத்துதான்; அனுமதி இல்லையென்றால் அது சத்தமில்லாமல் எதுவும் செய்யாது. அணைத்தது யார்? பட்டியலில் பின்னோக்கித் தேடினால், முந்தைய ஃபிரேமின் கடைசியில் கண்ணாடி ஜன்னலை வரைவதற்கு முன் அந்த அனுமதி அணைக்கப்பட்டிருக்கிறது. ஒளி ஊடுருவும் பொருள்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான். திரும்ப இயக்கவில்லை. அடுத்த ஃபிரேமில் மேசையை வரையும் பகுதி தனக்குத் தேவை என்று இயக்கிக்கொள்கிறது; ஆனால் அதற்குள் துடைக்கும் அழைப்பு வீணாகக் கடந்துபோய்விட்டது.

திருத்தம் ஒரே ஒரு வரி. ஆனால் மூலநிரலில் அந்த வரியைத் தேடியிருந்தால் பாடுபட்டிருப்போம். கண்ணாடி வரையும் பகுதி ஒரு கோப்பில் இருக்கும், துடைக்கும் பகுதி வேறொரு கோப்பில், இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்களாகவும் இருக்கலாம். டிரேஸில் கோப்புகள் கிடையாது, வகுப்புகள் கிடையாது. நடந்தது நடந்த வரிசையில் இருக்கிறது. மூலநிரலில் எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு அழைப்புகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். என் பார்வையில் இந்தக் கருவிகளின் முதன்மையான பயன் இதுதான்.

முழு ஓட்டமா, ஒரு ஃபிரேமா?

இந்தக் கருவிகள் இரண்டு குணத்தில் கிடைக்கின்றன. ஏபிஐடிரேஸ் முதல் வகை. ஜோசே ஃபொன்சேகா தொடங்கிய திறமூலக் கருவி. செயலி தொடங்கிய நொடியிலிருந்து முடியும்வரை ஓப்பன்ஜிஎல், டைரக்ட்3டி அழைப்புகள் அனைத்தையும் எழுதுகிறது. பயன்படுத்துவது எளிது. முனையத்தில் கருவியின் பெயர், 'டிரேஸ்' என்ற துணைக்கட்டளை, உங்கள் செயலியின் பெயர். செயலியை ஓட்டிப் பிழையை வரவழைத்து மூடினால் கோப்பு தயார். 'ரீப்ளே' என்றால் திரும்ப ஓட்டும், 'டம்ப்' என்றால் அழைப்புகளை எழுத்தாகக் காட்டும், கியூஏபிஐடிரேஸ் என்ற சாளர வடிவம் ஒவ்வோர் அழைப்பின் நிலையையும் திறந்து காட்டும்.

விலை, கோப்பின் அளவு. 2048க்கு 2048 அளவுள்ள ஒரு டெக்ஸ்ச்சர் பிக்சலுக்கு நான்கு பைட் என்றால் 16 மெகாபைட். ஒரு விளையாட்டு ஏற்றும் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சுருக்கி எழுதினாலும் சில நிமிட ஓட்டம் ஜிகாபைட்களில் போய் நிற்கும். தேவையான பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் வசதியும் உண்டு.

ரெண்டர்டாக் இரண்டாம் வகை. பால்டர் கார்ல்சன் உருவாக்கி 2014இல் பொதுவில் வெளியிட்டது. செயலியை அதன் வழியாகத் தொடங்கிவிட்டு, பிழை திரையில் தெரியும் தருணத்தில் எஃப்12 விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேமை மட்டும் எடுத்துக்கொள்ளும். நடுவில் நுழைவதால், அந்த ஃபிரேம் தொடங்கும்போது இருந்த டெக்ஸ்ச்சர், பஃபர், நிலை எல்லாவற்றையும் முதலில் நகலெடுத்து, அதன்மேல் அந்த ஒரு ஃபிரேமின் அழைப்புகளைச் சேர்த்து வைக்கிறது. கோப்பு சிறியது, ஆராயும் வசதிகள் அதிகம்: முனைகளை முப்பரிமாணத்தில் காட்டும், ஷேடரை அடியடியாக நடத்திப் பார்க்கலாம், சில ஏபிஐகளில் ஒரு பிக்சலைத் தேர்ந்தெடுத்து அதை எந்தெந்த அழைப்புகள் தொட்டன, எது எந்தச் சோதனையில் தோற்றது என்று வரலாற்றையே கேட்கலாம்.

நம் ஜன்னல் பிழையில் ஒற்றை ஃபிரேம் போதுமா? அனுமதி அணைந்த நிலையில் ஃபிரேம் தொடங்குவதை அது காட்டும். கண்ணாடி ஒவ்வொரு ஃபிரேமிலும் வரையப்படுவதால் குற்றவாளியும் அதே ஃபிரேமின் கடைசியில் அகப்படும். ஆனால் எப்போதோ ஒருமுறை, பத்தாயிரம் ஃபிரேமுக்கு முன்னால் நடந்த தவறு என்றால் அதன் விளைவு மட்டும்தான் ஒற்றை ஃபிரேமில் தெரியும். அப்போது முழு ஓட்டம் தேவை. தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: புதிய ஏபிஐ, உங்கள் சொந்தச் செயலி என்றால் ரெண்டர்டாக்கில் ஆரம்பியுங்கள். ஓப்பன்ஜிஎல் 3.2க்கு முந்தைய பாணியில் எழுதிய பழைய நிரல் என்றால் ரெண்டர்டாக் கைவிரித்துவிடும், ஏபிஐடிரேஸுக்குப் போங்கள். வல்கனில் நீண்ட ஓட்டத்தைப் பதிவுசெய்ய லூனார்ஜி நிறுவனத்தின் ஜிஎஃப்எக்ஸ்ரீகன்ஸ்ட்ரக்ட் இருக்கிறது. டைரக்ட்3டி 12க்கு மைக்ரோசாஃப்டின் பிக்ஸ், ஆப்பிளின் மெட்டலுக்கு எக்ஸ்கோடுக்குள்ளேயே இருக்கும் கேப்ச்சர் வசதி.

எந்தக் கருவியானாலும் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய ஒன்று உண்டு: பெயரிடுவது. ஆயிரம் வரைதல்கள் வெறும் எண்களாக வரிசைகட்டி நின்றால் தலை சுற்றும். "நிழல்கள்", "அறை", "கண்ணாடி" என்று அழைப்புகளைக் குழுவாகக் கட்டிப் பெயர் வைக்க ஓப்பன்ஜிஎல் 4.3இலிருந்து வழி இருக்கிறது, வல்கனிலும் இருக்கிறது. சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். சோம்பல்படாதீர்கள்.

தப்பு செயலியிடமா, டிரைவரிடமா?

டிரேஸில் செயலி இல்லை என்பது இங்கே பெரிய வசதி. அதே கோப்பை வேறு ஜிபியுவில், வேறு டிரைவரில், அல்லது எல்எல்விஎம்பைப் (llvmpipe) போல ஜிபியுவே இல்லாமல் சிபியுவில் வரையும் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக வந்தால் சந்தேகம் செயலியின் பக்கம் சாய்கிறது. ஓரிடத்தில் மட்டும் தவறென்றால் டிரைவரை நோக்கித் திரும்பலாம், ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. விதி வரையறுக்காத ஒன்றைச் செயலி நம்பியிருந்தாலும் சில டிரைவர்களில் அது தற்செயலாக வேலை செய்துவிடும்.

டிரைவர் எழுதுகிறவர்கள் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோகிறார்கள். பழைய பதிப்பில் சரியாக வந்த படம் புதிய பதிப்பில் கெட்டுப்போனால், நடுவில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்து ஒவ்வொரு முறையும் டிரேஸை ஓட்டி ஒப்பிடலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ பத்து ஓட்டத்தில் குற்றம் செய்த மாற்றம் சிக்கிவிடும். இந்தப் பாதி பாதித் தேடலைத் தானே நடத்தும் கிட் பைசெக்ட் கட்டளையுடன் சேர்த்தால் மனிதத் தலையீடே வேண்டாம். லினக்ஸின் திறமூல கிராஃபிக்ஸ் டிரைவர் திட்டமான மேசா தன் தானியங்கிச் சோதனைகளில் சேமித்துவைத்த டிரேஸ்களை ஓட்டி, வரும் படத்தின் சரிபார்ப்பு எண்ணை எதிர்பார்த்த எண்ணுடன் ஒப்பிடுகிறது.

இதற்கு அகப்படாதவை

டிரேஸ் யோசிக்காது. செயலி அன்று எடுத்த முடிவுகள் அதில் உறைந்திருக்கின்றன. "இந்த வசதி ஜிபியுவில் உண்டா" என்று கேட்டு, உண்டு என்ற பதிலை வைத்துச் செயலி ஒரு பாதையில் போயிருந்தால், அந்த வசதி இல்லாத கணினியிலும் டிரேஸ் அதே பாதையில் போய் முட்டிக்கொள்ளும். செயலி ஏன் அந்தத் தவறான எண்ணை அனுப்பியது என்பதற்கும் டிரேஸில் விடை இல்லை. அனுப்பியது என்று மட்டும் சொல்லும். மீதியை வழக்கமான டீபக்கரில்தான் தேட வேண்டும்.

நேரத்தைச் சார்ந்த பிழைகள் வழுக்கிவிடும். வல்கனில் ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்க வேண்டும் என்று தடுப்பு போட மறந்திருந்தால், படம் சில சமயம் கெடும், சில சமயம் கெடாது. பதிவுசெய்யும் கருவி செயலியை மெதுவாக்கியதுமே பிழை ஓடி ஒளிந்துகொள்ளும். அங்கே விதிகளைச் சரிபார்க்கும் லேயர்தான் முதல் துணை. செயலி நடுவில் செத்துவிழும் பிழையென்றால், ஃபிரேம் முடியும்வரை காத்திருக்கும் கருவியிடம் கோப்பே இருக்காது; அழைப்புகளை உடனுக்குடன் எழுதும் வகைக் கருவியில் சாகும்வரை நடந்தது மிஞ்சும். வேகத்தை அளக்க டிரேஸைப் பயன்படுத்துவோரும் கவனிக்க வேண்டும்: மறுஓட்டத்தில் செயலியின் சொந்தக் கணக்கீடுகள் நடப்பதில்லை, அதனால் சிபியு நேரம் உண்மையான ஓட்டத்தோடு பொருந்தாது.

கோப்பை யாரிடமாவது கொடுக்கும் முன்

டிரேஸுக்குள் ஷேடர்களின் உரை, டெக்ஸ்ச்சர்கள், வடிவங்கள் எல்லாமே இருக்கின்றன. அந்த நேரத்தில் செயலியின் சாளரத்தில் ஒரு கடிதம் திறந்திருந்தால் அதுவும் படமாக உள்ளே இருக்கும். உங்கள் நிறுவனத்தின் வெளிவராத படைப்பை அப்படியே தூக்கி ஒரு பொதுப் பிழை அறிக்கையில் இணைப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். முடிந்தால் பிழையை மட்டும் காட்டும் சிறிய செயலி ஒன்றை எழுதி அதைப் பதிவுசெய்யுங்கள். பிறர் உருவாக்கிய விளையாட்டுகளைக் குடைவதற்காக இந்தக் கருவிகள் இல்லை என்பதில் ரெண்டர்டாக் திட்டம் வெளிப்படையாகவே கண்டிப்பாக இருக்கிறது. இணைய விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களும் இடையில் புகும் நூலகத்தை எதிரியாகத்தான் பார்க்கும்.

கொடுக்கும்போது வெறும் கோப்பை மட்டும் அனுப்பினால் பெறுகிறவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். எந்த ஃபிரேமில் பார்க்க வேண்டும், தெரிந்தால் எந்த அழைப்பு எண், எது தவறு, எப்படி வந்திருக்க வேண்டும், எந்த ஜிபியு, எந்த டிரைவர் பதிப்பு, வேறு எதில் ஓட்டிப் பார்த்தீர்கள், அங்கே என்ன வந்தது என்பதை எழுதுங்கள். சரியாக வந்த ஒரு படமும் தவறாக வந்த ஒரு படமும் கூட இருந்தால், பெறுகிறவர் கோப்பைத் திறக்கும் முன்பே பாதி புரிந்துகொண்டிருப்பார்.